சத்தம் அடங்கிய லாக்

இணையத்துக்கு முகம் காட்டி நிற்கும் ஒரு லினக்ஸ் சர்வரில் எஸ்எஸ்எச் சேவையை 22-ஆம் போர்ட்டில் ஓடவிட்டுப் பாருங்கள். அன்று இரவுக்குள்ளேயே லாக் நிரம்பத் தொடங்கிவிடும். ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், உபுண்டு, பை என்று பெயர்கள் வரிசையாக வரும். ‘பை’ என்பது ராஸ்பெர்ரி பை கணினிகளில் ஒரு காலத்தில் தானாகவே இருந்த பயனர் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பட்டியலிலிருந்து ஒரு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பார்கள். பார்ப்பார்கள் என்று சொன்னாலும் எதிர்முனையில் ஆள் இல்லை. உலகம் முழுக்கப் பல முகவரிகளில் இருந்து வரும் நிரல்கள். அவற்றுக்கு உங்கள் கம்பெனி எது, உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. 22 திறந்திருக்கிறதா, அது போதும்.

திருப்பூரிலும் கோவையிலும் உள்ள சின்ன, நடுத்தர பனியன் கம்பெனிகளின் சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். பெரும்பாலான இடங்களில் அமைப்பு ஒன்றுதான். அக்கவுண்ட்ஸ் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஏசி அறை, யுபிஎஸ், ஒரே ஒரு சர்வர். வெளியே பிராட்பேண்ட் ரூட்டர், அதற்குள்ளேயே ஒரு ஃபயர்வால்; கொஞ்சம் வசதியான இடம் என்றால் தனியாக ஒரு ஃபயர்வால் பெட்டி. ஆர்டர், கட்டிங், டையிங்குக்குப் போன துணி, டெலிவரி சலான் என்று எல்லாக் கணக்கும் அந்த ஒரு சர்வரில் இருக்கும். ராத்திரி பேக்கப் நின்றுபோனாலோ டிஸ்க் நிரம்பினாலோ நான் வீட்டில் இருந்தே உள்ளே போயாக வேண்டும். ஷிப்மெண்ட் நாளில் காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சரிசெய்கிறேன் என்று சொல்ல முடியாது. அப்படி உள்ளே போகும் வழிதான் எஸ்எஸ்எச்.

அந்தச் சேவை பிறந்ததே ஒரு திருட்டைத் தொடர்ந்துதான். 1995-இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளை அள்ளினார்கள். அப்போது எல்லோரும் டெல்நெட்டில் வேலை செய்தார்கள். அதில் பாஸ்வேர்ட் அப்படியே படிக்கக்கூடிய எழுத்தாகக் கம்பியில் போகும். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென், எல்லாவற்றையும் குறியாக்கி அனுப்பும் ஒரு நிரலை எழுதினார். டெல்நெட்டுக்கு 23, எஃப்டிபிக்கு 21 என்று போர்ட் எண்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே 22 காலியாகக் கிடந்தது. 1995 ஜூலை 10 அன்று எண்களை ஒதுக்கும் ஐயானா அமைப்புக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற அம்மையாரிடம் இருந்து அடுத்த நாளே பதில் வந்தது: 22 உங்களுக்கு. 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற இலவச வடிவத்தைக் கொடுத்த பிறகு அது ஏறக்குறைய எல்லா சர்வர்களிலும் குடியேறியது. எண்ணும் கூடவே குடியேறியது.

அந்த 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றலாமா என்பது எங்கள் தொழிலில் ஓயாத வாதம். மாற்றுவது வீண் என்பவர்கள் சொல்வதில் உண்மை நிறைய உண்டு. ஒளித்துவைப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணக்கூடாது என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் எழுதிவிட்டார். சாவியைத் தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் அமைப்பு தாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைக்கு ஒளித்துவைக்கவும் முடியாது. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பு இருந்தால், ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்காக ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தேடி முடித்துவிடும். போதாததற்கு, எஸ்எஸ்எச் சர்வரோடு யார் இணைந்தாலும் முதல் வரியிலேயே தன் பெயரையும் பதிப்பையும் அது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. எந்த எண்ணில் வைத்தாலும், தேடி வருகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

இதெல்லாம் தெரிந்தும் நான் என் பொறுப்பில் உள்ள எல்லா இடத்திலும் போர்ட்டை மாற்றித்தான் வைத்திருக்கிறேன். லாகைப் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் காரணம்.

2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனத்தார் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தார்கள். ‘ரெக்ரெஷன்’ என்று பெயர்; ரெக்ரெஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் எஸ்எஸ்எச்சைச் செருகி எழுதுவார்கள். பாஸ்வேர்டும் வேண்டாம், பாஸ்வேர்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் கீ கோப்பும் வேண்டாம். இணைந்துவிட்டு லாகின் செய்யாமல் காத்திருந்தால், 120 வினாடிக் கெடு முடியும் அந்தக் கணத்தில் சர்வரைத் தடுமாற வைத்து ரூட் அதிகாரம் வரை போய்விடலாம். ஆனால் அது ஒரே அடியில் நடப்பதில்லை. அவர்கள் சோதித்த 32 பிட் லினக்ஸில் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகள், ஆறு முதல் எட்டு மணி நேரம் தேவைப்பட்டது. அந்த வாரம் நான் எல்லா சர்வர்களையும் புதுப்பித்துக்கொண்டு வந்தேன்; புதுப்பிக்க முடியாத பழைய ஒன்றிரண்டில் அந்தக் கெடுவைப் பூஜ்யமாக்கி வைத்தேன். அப்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. 22-இல் ஓடும் சர்வரின் லாகில் பத்தாயிரம் வரி கூடுதலாக விழுந்தால் யாருக்கும் தெரியாது. அங்கே தினமும் விழுவதே அப்படித்தான். ஒரு நாளைக்கு நாலைந்து வரி மட்டும் விழும் லாகில், லாகின் கெடு முடிந்தது என்ற ஒரே வரி நூறு தடவை வந்தால் காலையில் கண்ணில் குத்தும்.

அதே ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெளியே வந்ததும் ஒருவரின் கவனத்தால்தான். அமுக்கக் கோப்புகளுக்கான ஒரு நூலகத்துக்குள் எஸ்எஸ்எச்சைக் குறிவைத்து யாரோ பின்வாசல் ஒன்றைப் புதைத்திருந்தார்கள். போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, தவறான பெயரில் வந்து உடனே தோற்றுப்போகும் லாகின் முயற்சிகள்கூட இவ்வளவு சிபியுவை ஏன் தின்கின்றன என்று யோசித்தார். லாகின் அரை வினாடி தாமதமாவதையும் கவனித்தார். அவருக்கு அடையாளம் காட்டியது அந்த வீண் முயற்சிகளின் சத்தமேதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அதற்கு முன்பே தன் கணினியின் இயல்பு எப்படி இருக்கும் என்று அறிந்து வைத்திருந்தார். எங்களைப் போலப் பல இடத்து சர்வர்களைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இயல்பு மனதில் பதிய வேண்டுமானால் லாக் படிக்கிற அளவில் இருக்க வேண்டும்.

எந்த எண்ணை எடுப்பது? பலரும் 2222 என்று வைப்பார்கள். நிரல்களுக்கும் அது தெரியும்; 22-க்கு அடுத்தபடியாக அங்கேதான் வருகின்றன. எண்கள் 65535 வரை இருக்கின்றன என்பதற்காக எதையாவது எடுக்கவும் கூடாது. லினக்ஸ் தானாக வெளியே போகும் இணைப்புகளுக்கு 32768 முதல் 60999 வரை உள்ள எண்களை எடுத்துப் பயன்படுத்தும். அதற்குள் ஒன்றை வைத்தால், சர்வர் எழும்பும் நேரத்தில் வேறு நிரல் அந்த எண்ணை முன்னதாகப் பிடித்துவிட அபூர்வமாக வாய்ப்பு உண்டு. 1024-க்குக் கீழே உள்ள எண்களை ரூட் மட்டுமே திறக்க முடியும் என்பது இன்னும் முக்கியம். மேலே உள்ள எண் என்றால், எஸ்எஸ்எச் சேவை ஏதோ காரணத்தால் விழுந்து கிடக்கும்போது அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் சாதாரணப் பயனர் ஒருவர் அந்த எண்ணில் போலிச் சேவை ஒன்றை நிறுத்தலாம். சர்வரின் கீ மாறிவிட்டது என்று நம் கணினி எச்சரிக்கும்தான். ஆனால் அவசரத்தில் பழைய வரியை அழித்துவிட்டு மேலே போகும் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது! அங்கே பாஸ்வேர்டை அடித்தால் அது போனதுதான். ஆகவே 1024-க்குக் கீழே, சேவைகள் பட்டியலில் வேறு யாரும் உரிமை கொண்டாடாத ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு எண்.

மாற்றத்தை எங்கே செய்வது என்பது அடுத்த கேள்வி. சர்வரின் கான்ஃபிக் கோப்பிலேயே போர்ட்டை மாற்றலாம். அல்லது சர்வரில் 22-ஐ அப்படியே விட்டுவிட்டு, ரூட்டரில் மட்டும் வெளியே ஓர் எண், உள்ளே 22 என்று போர்ட் ஃபார்வர்டிங் வைக்கலாம். இரண்டாவது வழி சுலபம். சர்வரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சில ரூட்டர்கள் உள்ளே அனுப்பும்போது வந்தவரின் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியைப் போட்டுவிடும். லாகில் எல்லா முயற்சியும் 192.168.1.1 என்றே பதிவாகும். தாக்குதல் முகவரிகளைத் தானாகத் தடுக்கும் நிரல் ஓடினால் அது ரூட்டரையே தடுத்துவிடும். அப்புறம் வெளியில் இருந்து யாருமே உள்ளே வர முடியாது. ரூட்டர் உண்மை முகவரியைக் கொடுக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் அந்த வழிக்குப் போவேன்.

மாற்றும் வரிசையில்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது. கான்ஃபிக் கோப்பில் போர்ட் என்ற வரியை இரண்டு தடவை எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. பழைய 22-உம் இருக்கட்டும், புது எண்ணும் இருக்கட்டும். ஃபயர்வாலில் புது எண்ணை முதலில் திறக்க வேண்டும். ரெட்ஹாட் குடும்பத்து லினக்ஸ் என்றால் எஸ்இலினக்ஸுக்கும் புது எண்ணைச் சொல்லிவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரூட்டாகவே ஓடும் சேவைக்கும் அனுமதி மறுக்கப்படும். உபுண்டு 22.10-இல் இருந்து இன்னொரு சிக்கல் வந்தது: போர்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருப்பது சிஸ்டம்டியின் சாக்கெட் என்று ஆனதால், கான்ஃபிக்கில் எண்ணை மாற்றிச் சேவையை மறுபடி தொடங்கினாலும் அது 22-லேயே நின்றது. 24.04-இல் கான்ஃபிக் கோப்பைப் படித்துக்கொள்கிறது. ஆனாலும் சாக்கெட்டை மறுபடி தொடங்க வேண்டும். பிறகு கோப்பில் பிழை இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் சேவையைத் தொடங்குவேன். சேவையை மறுபடி தொடங்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. அந்த இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலில், ஆபீஸ் நெட்டில் இல்லாமல் மொபைல் டேட்டாவில், புது எண்ணில் வந்து பார்க்க வேண்டும். உள்ளே இருந்து சோதிப்பது சோதனையே ஆகாது. ஃபயர்வால் அப்போது நடுவில் இல்லை.

ஃபயர்வால் விதிகளைத் தூரத்தில் இருந்து மாற்றும்போது இன்னொரு பழக்கத்தை விடுவதில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளைத் தானாகத் திரும்ப ஏற்றும்படி ஒரு வேலையை முன்கூட்டிப் போட்டுவிடுவேன். எல்லாம் சரி என்றால் அந்த வேலையை ரத்து செய்வேன். தப்பாகி வெளியே மாட்டிக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் கதவு தானே திறக்கும். ஜூனிப்பர் கருவிகளில் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. பத்து நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்குப் போய்விடும். இதை வடிவமைத்தவர்கள் களத்தில் நின்று வேலை பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வேறொருவர் பராமரித்து விட்டுப்போன ஒரு சர்வரை ஏற்றுக்கொண்டபோது பார்த்தது இது. எஸ்எஸ்எச் வேறு எண்ணுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஃபெயில்2பேன் நிரலும் ஓடியது. தவறான முயற்சிகளை எண்ணி, இத்தனை முகவரிகளைத் தடுத்துவிட்டேன் என்று அழகாகக் கணக்கும் காட்டியது. ஆனால் தடுக்கப்பட்ட அதே முகவரிகள் லாகில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. காரணம் எளியது: அதன் இயல்பு அமைப்பில் போர்ட் என்ற இடத்தில் ‘எஸ்எஸ்எச்’ என்ற பெயர் இருக்கும், அதை அது 22 என்றே எடுத்துக்கொள்ளும். யாரும் இல்லாத 22-க்குத் தடை போட்டுக்கொண்டிருந்தது. உண்மையான வழி திறந்தே கிடந்தது. போர்ட்டை மாற்றினால் அந்த எண்ணை நம்பியிருக்கும் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும்: பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளை, கண்காணிப்பு நிரல், எல்லாவற்றையும். எஸ்எஸ்எச்சில் போர்ட்டைச் சொல்லச் சிறிய ‘பி’, எஸ்சிபியில் பெரிய ‘பி’ என்ற குழப்பம் வேறு. நம் கணினியில் உள்ள எஸ்எஸ்எச் கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் பெயரும் எண்ணும் எழுதிவைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

என்னிடம் வேலை பழகும் தம்பி இரவில் கூப்பிடுவான்.

“அண்ணா, உள்ள போக மாட்டேங்குதுங்.”

“உடனே மறுக்குதா, இல்ல அப்படியே நிக்குதா?”

“நிக்குதுங்ணா. ரொம்ப நேரம் நின்னுட்டு டைம் அவுட்னு வருது.”

“அப்ப சர்வர விடு. ஃபயர்வாலப் பாரு.”

இந்த ஒரு கேள்விதான் பாதி வேலையை முடிக்கும். வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளேயிருந்து “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று குரல் வருவது வேறு, சத்தமே வராதது வேறு. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று உடனே வந்தால் பாக்கெட் பெரும்பாலும் சர்வர் வரை போய்விட்டது என்று அர்த்தம். அந்த எண்ணில் சேவை ஓடவில்லை, அவ்வளவுதான். ‘டைம்ட் அவுட்’ என்றால் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பதில் சொல்லாமல் பாக்கெட்டை விழுங்குகிறது, அல்லது முகவரியே தவறு. மற்ற எல்லாம் போகும்போது ‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ என்று வந்தால் ரூட்டிங் அமைப்பை நோண்ட வேண்டாம். ஃபயர்வால்டி உள்ள சர்வர்கள் மறுக்கும்போது பல நேரம் இப்படித்தான் சொல்லும். இன்னொன்று புதியவர்களை மிகவும் அலைக்கழிக்கும்: இணைப்பு கிடைக்கும், பெயர் பரிமாறிக்கொள்ளும், கீ மாற்றிக்கொள்ளும் கட்டத்தில் அப்படியே உறைந்து நிற்கும். போர்ட்டையும் ஃபயர்வால் விதியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். சிக்கல் பாக்கெட்டின் அளவில் இருக்கும். பிபிபிஓஇ இணைப்பில் 1500 பைட்டுக்குப் பதில் 1492 தான் போகும். அதைச் சொல்லும் ஐசிஎம்பி செய்திகளை யாராவது பாதுகாப்பு என்று நினைத்துத் தடுத்துவைத்திருந்தால் பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். ஐசிஎம்பியை முழுக்க அடைக்காதீர்கள்.

இப்போதெல்லாம் இன்னொரு நிலைமை அதிகமாகி வருகிறது. கம்பெனி வேறு இணைப்புக்கு மாறும். மறுநாளில் இருந்து எந்த எண்ணிலும் உள்ளே போக முடியாது. ரூட்டரின் வெளிமுகவரியைப் பார்த்தால் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் ஏதோ ஒன்று இருக்கும். ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட, இணைப்பு தருகிறவர்களுக்கென 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்வரிசை அது. நம் ரூட்டரில் என்ன ஃபார்வர்டிங் வைத்தாலும் அதற்கு மேலே இருக்கும் அவர்கள் கருவி நமக்கு வழி விடாது. நிலையான பொது முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்டச் சொல்வேன். முதலாளி யோசித்தால், சர்வரே வெளியே ஒரு வாடகை சர்வருக்கு இணைப்பு போட்டு வைத்திருக்கும்படி தலைகீழ் டனல் அமைப்பேன். உள்ளே இருந்து வெளியே போவதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. அந்த வழியே திரும்பி வரலாம்.

வெளியே போவதையும் தடுக்கும் இடங்களுக்காகத்தான் சிலர் எஸ்எஸ்எச்சை 443-இல் வைக்கிறார்கள். ஹோட்டல், காலேஜ் ஹாஸ்டல் போன்ற இடங்களில் 80, 443 தவிர மற்றதை அடைத்திருப்பார்கள். என் சர்வருக்கு நான் பயணத்தில் இருக்கும்போது போக அது நியாயமான வழி. ஆனால் ஒரு கம்பெனியின் ஃபயர்வாலில், அதன் பொறுப்பாளருக்குத் தெரியாமல், இப்படி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போவதை நான் ஏற்க மாட்டேன். என்னிடம் கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கும் செய்து தந்ததில்லை. அனுமதி கேளுங்கள், காரணம் நியாயமாக இருந்தால் பெரும்பாலும் தருவார்கள்.

கீயை மட்டும் நம்பினால் போதுமா என்றும் கேட்பார்கள். 2008 மே மாதம் டெபியனில் ஒரு பிழை வெளிவந்தது: அதற்கு முந்தைய ஏறக்குறைய இருபது மாதங்களாக அங்கே உருவான கீகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும் மொத்தமே 32,767-க்குள் அடங்கின. எல்லாவற்றையும் அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். அதனால்தான் கீ, புதுப்பித்த மென்பொருள், தெரிந்த முகவரிகளுக்கு மட்டும் திறக்கும் ஃபயர்வால், படிக்கக்கூடிய லாக் என்று நாலும் வேண்டும் என்கிறேன். போர்ட் மாற்றம் நாலாவதில் மட்டும்தான் சேரும்.

நீங்களும் இப்படி ஒரு கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால், பாஸ்வேர்ட் லாகினை இன்றைக்கே நிறுத்துங்கள். அது முடிந்த பிறகு போர்ட்டை மாற்றுங்கள். மாற்றியதும் அந்த எண்ணையும், ரூட்டரில் என்ன செய்தீர்கள் என்பதையும், நேரில் கீபோர்டைச் சொருகி உள்ளே போகும் முறையையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முதலாளியின் பீரோவில் வைத்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவருக்கு அது வேண்டும்.